எட்டாவது இலக்கம்

— மறுபடியும் தப்புன்னு கத்தறது பாருங்கோ! முகூர்த்தத்துக்கு முக்கால் மணிதான் இருக்கு. திருமாங்கல்யம் லாக்கருக்குள்ள, பொண்ணு வெளியில. ஏன்னா, இந்தக் கூத்து யாராத்துலயாவது நடக்குமா?

— பதறாதே பூமா. நம்பர் எனக்குத் தலைகீழாத் தெரியும். ஏழு மூணு ஒன்பது மூணு, ஒன்பது ஒண்ணு மூணு மூணு.

— தெரிஞ்சா ஏன் திறக்கலை?

— அதான் புரியலை. இது மறக்கற நம்பரே இல்லை. பகா எண். எதாலயும் வகுபடாது. கடைசி மூணை எடுத்துடு, மிச்சமும் பகா எண். இன்னொண்ணை எடு, அதுவும் பகா எண். இப்படியே ஒத்தை ஏழு வரைக்கும்...

— ஐயோ, பெருமாளே ரங்கநாதா! முப்பது வருஷம் காலேஜ்ல கத்தினது போறாதா? எல்லாரையும் மாதிரி கல்யாண நாளை வெச்சுத் தொலைச்சிருக்கப்படாதா?

— அதை எவன் வேணா கண்டுபிடிச்சுடுவான். இந்த வகையிலேயே இதுதான் பெரிசு, தெரியுமோ? இதுக்குப் பின்னாடி எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் வகுபட்டு உடைஞ்சுடும்.

— என் மண்டைதான் உடையறது. உத்தர வீதி மண்டபத்துலேர்ந்து வாத்யார் மூணு தடவை போன் பண்ணி, கோபு மாமா எங்கே, எங்கேன்னு உங்களைத்தான் கேக்கறார். சம்பந்தி மாமி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? மாதுரி, நீயாவது வாயைத் திறயேண்டி. கல்யாணப் பொண்ணு மண்டபத்துலயே இருன்னா கேக்காம ஆட்டோல ஏறிண்டு வந்தே. இப்போ கட்டில்ல உக்காந்துண்டு வேடிக்கை பாக்கறே.

— நான் என்னம்மா சொல்றது.

— அவளுக்கும் இந்த நம்பர் தெரியும் பூமா. போன ஞாயித்துக்கிழமை சொல்லிக் கொடுத்தேனே.

— சொல்லிக் கொடுத்த அழகுதான் தெரியுமே! குழந்தை உங்ககிட்ட ஏதோ பேசணும்னு வந்தா. நீங்க பேப்பரை எடுத்து வெச்சுண்டு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேள். அவ பாதியில எழுந்து போனதுகூட உங்களுக்குத் தெரியலை.

— அப்படியா? என்ன பேச வந்தேம்மா?

— அதெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம். முதல்ல திறங்கோ! ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கறான்.

— இரு, நிதானமா அழுத்தறேன். இதுவும் தப்பாச்சுன்னா அரைமணி நேரத்துக்குத் திறக்காது.

— வேண்டாம்ப்பா. அது அந்த நம்பர் இல்லை.

— என்னடி உளர்றே?

— நேத்து ஜானவாச ஊர்வலத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நான்தான் மாத்தினேன். ஒண்ணே ஒண்ணு கூட்டினேன். கடைசி மூணு இப்போ நாலு.

— நாலா? இரட்டைப்படையாயிடுத்தே! ரெண்டால வகுபட்டுடுமேம்மா!

— இப்பவும் நம்பர்தானாப்பா? எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன்.