துரையின் காலுக்குக் கட்டிய மெட்டு

எங்கள் வீட்டுக்காரருக்குக் காரம் ஆகாது. ரசத்தில்கூட மிளகைக் குறைத்துத்தான் போடுவேன். உலகச் சண்டைக் காலம் முழுக்க அவருக்கென்று தனிச்சட்டி. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, ஆறவைத்து, ஊட்டாத குறையாகக் கொடுத்திருக்கிறேன். ராசிபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சௌந்திரம் மாதிரி புருஷனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

அவர் பெயர் குழந்தைவேல். தறிக்காரர். கிளாரிநெட் கற்றுக்கொண்டு கோயில் பஜனைக்கு ஊதிக்கொண்டிருந்தார். சண்டை தொடங்கியதும் சேலத்தில் முகாம் போட்ட பட்டாளத்தில் பேண்டுக்கு ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தார். சேலம்தானே, நினைத்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம் என்று நானும் விட்டேன். அது என் தப்பு.

அந்தப் பட்டாளத்துக்குத் தலைவர் ஒரு கர்னல் துரை. முந்தின சண்டையில் குண்டு பட்டு அவருக்கு இடது கால் சரியாக மடங்காது. அணிவகுப்பில் எல்லார் காலும் ஒன்றாக விழும். துரையின் கால் மட்டும் பிந்தி விழும். சிப்பாய்கள் வாய்க்குள் சிரிப்பார்களாம். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தறி மிதிக்கிறவருக்குக் கால் எங்கே பிசகுகிறது என்று தெரியும். லீவில் வந்தவர், அந்தத் துரையைப் போலவே எங்கள் முற்றத்தில் நொண்டி நொண்டி நடந்து ஒரு மெட்டுக் கட்டினார். இடது காலுக்கு முன்னால் அதில் ஒரு சின்ன நிறுத்தம். அந்த இடத்தில் பட்டாளம் முழுக்கக் காலைத் தூக்கியபடி காத்திருக்கும். துரையின் கால் எப்போது விழுகிறதோ அப்போதுதான் எல்லார் காலும் விழும். அப்புறம் எவன் நொண்டி என்று யாருக்குத் தெரியும்?

“ஏம்புள்ள, எம்பாட்டுக்கு ஆயிரங்காலு நடக்குது,” என்றார் அடுத்த லீவில்.

“ஆயிரங்காலுன்னா மரவட்டைக்கா ஊதறீங்க?” என்றேன்.

சிரித்தார். அப்புறம் சொன்னார், “தான் போற எடத்துக்கெல்லாம் இனி நானும் வரோணும்னு தொரை சொல்லிட்டாரு. அடுத்த மாசம் கப்பல்.”

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டு வள்ளியாத்தாளை உங்களுக்குத் தெரியாது. அவள் புருஷன் முந்தின சண்டைக்குக் கடல் கடந்து பஸ்ராவுக்குப் போனவர். செத்தார் என்றும் சேதியில்லை, இருக்கிறார் என்றும் சேதியில்லை. தாலியைக் கழற்றவும் முடியாது, கல்யாண வீட்டில் முன்னால் வந்து நிற்கவும் முடியாது. தலையெல்லாம் நரைத்துவிட்டது. இன்றைக்கும் வாசலில் யாராவது செருமினால் எழுந்து நிற்பாள். அவள் நிற்பதைப் பார்த்தால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். புருஷன் செத்தால் அழுது தீர்க்கலாம் ஐயா. எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் என்னால் முடியாது.

கிளாரிநெட்டின் வாயில் ஒரு மூங்கில் சீவல் போலப் பொருத்தியிருக்கும். ரீடு என்பார்கள். அதை ஊதுவதற்கு முன் வாயில் வைத்து எச்சிலில் ஊறவைப்பார். துடைத்து எடுத்துவைப்பது என் வேலை. கொல்லை வேலியில் கள்ளி இருக்கிறது. அதன் பாலை எடுத்து ரீடில் கொஞ்சம்தான் தடவினேன். உதடும் நாக்கும் கொப்புளித்துப்போயின. பட்டாளத்து டாக்டர் பார்த்துவிட்டு இந்த வாயால் ஊத முடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கப்பல் போயிற்று, அவர் போகவில்லை. அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் புண் ஆறிவிடுகிறதே. ஆறினால் எடுத்து ஊதுவார். அதே மெட்டுத்தான். “வாய் நல்லானதும் தொரை வரச் சொல்லியிருக்காரு,” என்பார். அந்த நிறுத்தம் வரும்போது அவர் கண் எங்கேயோ தூரத்தில் போய் நிற்கும். எனக்குப் பயமாக இருக்கும். மறுபடி தடவுவேன். மறுபடி கீரை, மறுபடி தேங்காய்ப் பால். உடம்புச் சூடு என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன்.

ஒருதரம் கேட்டார். “ஏம்புள்ள, ரீடு மேல வெள்ளையா என்னமோ காஞ்சிருக்குது?”

“பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி பட்டிருக்குமுங்க.”

“நெசவுக்காரன் ஊட்டுல சங்கீதத்துக்கும் கஞ்சியா?” என்று சொல்லி, நக்கிவிட்டு வாயில் வைத்தார்.

சண்டை முடிந்தது என்றார்கள். அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். வள்ளியாத்தாள் புருஷன் போன சண்டையும் முடிந்ததுதானே ஐயா.

அன்றைக்குக் காலையில் மல்லசமுத்திரத்து அப்புசாமி வந்தார். பேண்டில் எங்கள் வீட்டுக்காரரோடு இருந்த ஹவில்தார். பட்டாளம் திரும்பி வந்திருந்தது.

“சேலத்துல தொரைக்கு வழியனுப்பு தங்கச்சி. அவரு சீமைக்குப் போறாரு. கொழந்தவேலு ஊதினாத்தான் நடப்பேன்னு நிக்கறாரு.”

“வாயெல்லாம் புண்ணுங்கண்ணா.”

“ஒரு நாளைக்குத்தான். பொழுது உழறதுக்குள்ள கொண்டாந்து உட்டுடறேன்.”

“ரத்தம் வந்தாலும் ஊதுவேன்,” என்றார் எங்கள் வீட்டுக்காரர். பெட்டியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்து உதறினார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்க்கவில்லை. கொஞ்சம் தடவினால் நிற்கமாட்டார் என்று தெரிந்துபோயிற்று. அதனால் கொஞ்சமாகத் தடவவில்லை.

அப்புசாமிக்கு மோர் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் ரீடை வாயில் அதக்கிக்கொண்டு, எச்சிலை விழுங்கி விழுங்கிப் பொத்தான் போட்டார். கழுத்துப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். ஒருதரம் ஊதிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று முற்றத்தில் நின்று ஆரம்பித்தார். அப்புசாமி காலால் தாளம் போட்டார். அந்த நிறுத்தம் வந்தது. அந்த இடத்தில் நிறுத்துவதுதான் பாட்டு. அதனால் நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அப்புசாமி காலைக் கீழே வைத்தார். ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் இறங்கவில்லை, மூச்சும் இறங்கவில்லை. உயிர் போகிறவரைக்கும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேறெங்கும் பார்க்கவில்லை. அப்புசாமி ரீடை எடுத்து நுனிநாக்கில் வைத்தார், துப்பினார், உங்களைக் கூட்டிவரப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

தடவினது நான்தான் ஐயா. எல்லாத் தடவையும் நான்தான். கைநாட்டு எங்கே வைக்கவேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாமே, அறுக்கிறதை அறுத்துவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ராத்திரி அவரை வெளியில் தங்கவிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.