குளத்தோர வளைவில் குப்புற விழுந்த எருமை

கடையில் தராசு பிடிக்கும் கையால் இன்று மேசை மணியைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் மளிகைக்கடை மாமா அவர்களே! கையில் திருப்புளி, கண்ணில் கனவு, கால்சட்டை முழங்காலில் களிமண் என்று ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு வந்து சேரும் தோட்ட ரயில் சங்கத்தின் உறுப்பினர்களே! துணி உலர்த்தும் கொடியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு, அந்த இடத்தைத் தண்டவாளத்துக்குத் தானம் தந்த தாய்மார்களே, அவர்களில் முதல்வரான என் அம்மாவே! மதில் மேல் மோவாயை வைத்தபடி, அனுமதிச் சீட்டு வாங்காமல் வேடிக்கை பார்க்கும் அண்டை வீட்டு அன்பர்களே! போன மாதம் குளத்தில் எருமை விழுந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாவி ஓடி, இன்னும் வீடு திரும்பாத தவளையாரே! அனைவருக்கும் என் வணக்கம்.

இன்னும் இரண்டு பேருக்கு வணக்கம் பாக்கியிருக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

மாமா, மணியின் மேல் உங்கள் விரல் ஊர்வதைப் பார்த்துவிட்டேன். "வரவேற்புரைதானே, சட்டுனு முடிச்சுட்டு இறங்கு, தீர்மானம் இருக்கு" என்று அப்பாவும் சொல்லித்தான் மேடைக்கு அனுப்பினார். முடிக்கிறேன் மாமா. ஆனால் வந்தவர்களை வாயார வரவேற்காமல் எப்படி முடிப்பது? தண்டவாளத்தை வரவேற்க வேண்டாமா? பாலத்தை வரவேற்க வேண்டாமா? பூந்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் குடைந்தோமே, அந்தச் சுரங்கத்தை வரவேற்க வேண்டாமா?

சங்கத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தத் தோட்டத்தைச் சுற்றிப் பித்தளைத் தண்டவாளம் ஓடுகிறது. என் இரண்டு பாதங்களைச் சேர்த்து வைத்தால் அதை மறைத்துவிடலாம், அவ்வளவுதான் அகலம். அதன்மேல் செருப்புப் பெட்டி அளவில் பெட்டிகள், அவற்றை இழுக்கும் என்ஜின்கள். கறிவேப்பிலைச் செடி ஒரு ரயில் நிலையம். தண்ணீர்க் குழாய் இன்னொரு நிலையம். பேருந்தில் நாளெல்லாம் பயணிகளைத் திட்டும் நம் கண்டக்டர் அண்ணன், விடுமுறையில் விரல் நுனி அளவுப் பயணிகளை மெழுகில் செய்து, வண்ணம் தீட்டி, பெட்டிக்குள் பத்திரமாக உட்கார வைக்கிறார். என்ன அண்ணே, சிரிக்கிறீர்கள்? "இவங்கதாம்மா சில்லறை கேக்க மாட்டாங்க" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்!

இத்தனைக்கும் அடிப்படை என்ன? தண்டவாளம். அதைப் போட்டவர் யார்? என் அப்பா.

என் அப்பாவின் தொழில் உங்களுக்குத் தெரியும். பல்செட் செய்பவர். பல் போனவர்களின் வாயில் மீண்டும் பல்லைப் பூக்க வைப்பவர். அவருடைய முகவரி அட்டையில் அச்சடித்திருக்கும் வாசகம், 'இடைவெளி இல்லாத புன்னகை'. வாயில் இடைவெளி பிடிக்காது. வரிசையில் இடைவெளி பிடிக்காது. என் தலையில் வகிடு கோணினால்கூடச் சீப்பை வாங்கி அவரே நேராக்குவார். அப்படிப்பட்டவர் தண்டவாளம் போட்டால் எப்படிப் போடுவார்? காலைக் குளிரில் முழந்தாளிட்டு, துண்டோடு துண்டைச் சேர்த்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்து, சந்து தட்டுப்படாமல் போகும் வரை விடமாட்டார். வளைவின் இரண்டு முனைகளையும் சிமெண்ட் மேடையில் திருகி இறுக்கினார். முடித்ததும் எழுந்து நின்று எல்லோரிடமும் ஒன்று சொன்னார். நினைவிருக்கிறதா?

"எங்க வேணும்னாலும் பாருங்க. ஒரு மயிரிழை சந்து கிடையாது!"

கைதட்டினோம். நானும் தட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

மாமா, ஒரே நிமிடம். உங்கள் தண்ணீர்க் குவளை காலியாக இருக்கிறதே, அம்மா நிரப்பட்டும். அதுவரை பேசிக்கொள்கிறேன். தயவுசெய்து உட்காருங்கள்.

இப்போது எருமையின் கதைக்கு வருகிறேன்.

நம் சங்கத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அக்கா. சைரன் அக்கா என்று கண்டக்டர் அண்ணன் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் ஓர் என்ஜின் செய்து கொண்டுவந்தார். கரிய நிறம், கனத்த உடல். சக்கரம் வழுக்காமல் இருக்க வயிற்றுக்குள் தூண்டில் ஈயக் குண்டுகளை நிரப்பியிருந்தார். நான் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, எருமை மாதிரி கனக்குது?" என்றேன். "எருமைதான். மெதுவாப் போகும். ஆனா போய்ச் சேரும்" என்றார். அவசரம் அவசரம் என்று நாள் முழுக்கப் பறப்பவர், வீட்டுக்கு வந்து மெதுவாகப் போகும் வண்டி ஒன்றைச் செய்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் என்னவோ செய்கிறது.

போன மாதத் திறப்பு நாளன்று எருமை ஓடியது. காலை முழுவதும் ஓடியது. செடியைச் சுற்றி ஓடியது, சுரங்கத்தில் நுழைந்து ஓடியது, குளத்தோர வளைவில் குனிந்து நிமிர்ந்து ஓடியது. அதன் பின்னால் மாமா தீக்குச்சிகளால் இழைத்து இழைத்துச் செய்த பெட்டி. ஜன்னலுக்கு அத்தை தைத்த திரைச்சீலை. எத்தனை கைதட்டல்! எத்தனை கூச்சல்!

நண்பகல் ஆனது. நிழலைத் தேடிப் பந்தலுக்குள் எல்லோரும் ஒதுங்கினோம். அந்த நேரம் பார்த்துக் குளத்தோர வளைவில் தண்டவாளம் பாம்பு போல் நெளிந்து நின்றது. எருமை அதில் ஏறியது, சாய்ந்தது, விழுந்தது. மாமாவின் பெட்டியும் கூடவே விழுந்தது. மெழுகுப் பயணிகள் அத்தனை பேரும் அல்லி இலைகளுக்கு நடுவே மிதந்தார்கள்.

முதலில் குளத்தில் குதித்தவர் யார்? என் அப்பா. கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. மாமாவின் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேலே வந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் சொன்ன முதல் வார்த்தை: "எடை! எல்லாம் இந்த எடைதான். எருமையை ஏத்துனா எந்தத் தண்டவாளம் தாங்கும்?"

அக்கா மெதுவாகத்தான் கேட்டார்: "சார், காலையிலேர்ந்து இதே எடைதானே ஓடுச்சு?"

"எனக்கே பாடம் எடுக்கிறியாம்மா?"

அக்கா எருமையைக் குளத்திலிருந்து எடுத்தார். எருமையைத் துணியால் துடைத்தார். தூக்கிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாமல் போயிருந்தால் நான் இந்த மேடையில் ஏறியிருக்க மாட்டேன்.

இன்றைய தீர்மானம் என்ன? அக்காவைச் சங்கத்திலிருந்து நீக்குவது. உங்கள் பெட்டி நனைந்த வருத்தம் உங்களுக்கு, மாமா. என் அப்பாவின் தண்டவாளம் நெளிந்த வருத்தம் அவருக்கு. இரண்டு வருத்தமும் நியாயம். ஆனால் இரண்டு வருத்தத்தையும் சேர்த்து மூன்றாவது ஆளின் தலையில் கட்டலாமா?

அப்பா, எழுந்திருக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், உட்காருங்கள். இந்தப் பேச்சை வீட்டில் ஒருவரிடமும் காட்டவில்லை. காட்டியிருந்தால் நீங்கள் என்னை மேடையேற்றியிருக்க மாட்டீர்கள்.

எங்கள் வீட்டு வாசல் கேட்டை எல்லோரும் தள்ளித் திறந்துகொண்டு வந்தீர்கள். இரண்டு பக்கமும் திறக்கும் இரும்புக் கேட். காலையில் ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். அதையே சாத்தி வைத்து, நண்பகலில் திறந்து பாருங்கள். தூணோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அம்மா ஓர் உதை விடுவார். உதைத்துவிட்டுச் சொல்வார்: "வெயில் ஏறினா இதுக்குத் திமிர் ஏறிடும்!"

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். எருமை விழுந்த மறுவாரம் அம்மா அதே உதையை விட்டு அதையே சொன்னபோது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரும்புக்குத் திமிர் ஏறினால் பித்தளைக்கு ஏறாதா? கேட்டுக்கு ஏறினால் தண்டவாளத்துக்கு ஏறாதா?

மிச்சம் கிடந்த தண்டவாளத் துண்டுகளை எடுத்தேன். துவைக்கும் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே நகர முடியாதபடி வரிசையாக வைத்தேன். ஓர் இணைப்பில் மட்டும் அட்டை ஒன்று நுழையும் அளவு சந்து விட்டேன். என்ன அட்டை? அப்பாவின் முகவரி அட்டை. 'இடைவெளி இல்லாத புன்னகை'. காலையில் அட்டை வழுக்கிக்கொண்டு போனது, வந்தது. வெயில் ஏறியது. நண்பகலில் இழுத்தேன். வரவில்லை. மீண்டும் இழுத்தேன். கிழிந்தது. இதோ, பாதி அட்டை என் கையில் இருக்கிறது. புன்னகை என்னிடம் வந்துவிட்டது. இடைவெளி அங்கேயே மாட்டிக்கொண்டது.

அப்பாவிடம் சொல்லப் போனேன். "அப்பா, வெயில்ல தண்டவாளம்..." என்று ஆரம்பித்தேன். "நீ உன் படிப்பைப் பாரு" என்றார். அம்மாவிடம் போனேன். "உங்கப்பாகிட்ட யாரு பேசறது?" என்றார். யார் பேசுவது? யார் பேசுவது? அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை, ஓர் இடத்தில் உட்காரவிடவில்லை. வகுப்பில் டீச்சர் கேட்டதற்கெல்லாம் "சந்து" என்று பதில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

என் அப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்ல மாட்டேன். பல்லுக்குப் பொருந்தியது பித்தளைக்கும் பொருந்தும் என்று நம்பினார். நன்றாகச் செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் நெருக்கிப் போட்டார். பல் வரிசை வாய்க்குள் நிழலில் இருக்கிறது. தண்டவாளம் வெயிலில் கிடக்கிறது. வெயிலில் கிடப்பதற்கு மூச்சுவிட இடம் வேண்டாமா? தண்டவாளத்துக்கு மட்டுமா வேண்டும்? வீட்டில் பேச ஒரு சந்து வேண்டாமா? சங்கத்தில் கேள்வி கேட்க ஒரு சந்து வேண்டாமா? "எனக்கே பாடமா" என்று எல்லாச் சந்துகளையும் அடைத்துவிட்டால், அழுத்தம் எங்கே போகும்? எங்கோ ஒரு வளைவில் நெளியத்தானே செய்யும்?

மாமா, மணியை அடித்துவிட்டீர்கள். கேட்டது. நேரமாகிவிட்டது என்பது எனக்கும் தெரியும். நேரமாக வேண்டும் என்றுதான் பேசினேன்!

நான் ஏன் தவளைக்கெல்லாம் வணக்கம் சொன்னேன் என்று நினைத்தீர்கள்? நீங்கள் வழக்கம்போல் கடையைச் சாத்திவிட்டுத் தாமதமாகத்தான் வருவீர்கள் என்று ஏன் மகிழ்ந்தேன்? அந்தப் பந்தல் காலைப் பாருங்கள். நான் பேச ஆரம்பித்தபோது அதன் நிழல் அம்மாவின் நாற்காலியைத் தொட்டது. இப்போது தன் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது.

குளத்தோர வளைவை அப்பா நிமிர்த்தி, முன்பு போலவே சந்தில்லாமல் இறுக்கிப் போட்டிருக்கிறார். இன்று அதன்மேல் எதுவும் ஓடவில்லை. எருமை இல்லை. பெட்டி இல்லை. ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தால் அதுதான் எடை. நீங்கள் கைகளைத் தூக்குவதற்கு முன் கால்களைத் தூக்குங்கள். நடந்து போய் அந்த வளைவைப் பாருங்கள். அது நேராக இருந்தால் நான் தோற்றேன். அக்காவை நீக்குங்கள், என்னையும் நீக்குங்கள், இந்தத் தோட்டத்தில் இனி எந்த விசையையும் தொட மாட்டேன். நெளிந்திருந்தால், அங்கே எருமை இல்லையே, பிறகு யாரை நீக்குவீர்கள்? வெயிலையா?

கண்டக்டர் அண்ணே, நீங்கள் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரிகிறது. சொல்லாதீங்க. தயவுசெய்து சொல்லாதீங்க. அப்பாவே போய்ப் பார்க்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், குவளையை நிரப்பிய அம்மாவுக்கும், மணியை ஒரே ஒரு தடவை அடித்த மாமாவுக்கும் என் நன்றி.

பாக்கி வைத்த வணக்கங்களில் ஒன்று சைரன் அக்காவுக்கு. அவர் வரவில்லை என்றுதானே நினைத்தீர்கள்? தீர்மானம் முடியும் வரை உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால், கூட்டம் தொடங்கியதிலிருந்து வாசலுக்கு வெளியே நிற்கிறார். எருமை அவர் கையில் இருக்கிறது. வணக்கம், அக்கா!

கடைசி வணக்கம் என் அப்பாவுக்கு. எனக்குத் தெரிந்தவர்களில் குளத்தில் முதலில் குதிக்கிறவர் நீங்கள்தான். இன்று மாலை வீட்டில் என்னோடு பேசுவீர்களோ, மாட்டீர்களோ, தெரியாது. வளைவைப் பார்த்துவிட்டு அப்படியே வாசலுக்குப் போங்கள், அப்பா. கூட்டம் தொடங்கும்போது கேட்டைச் சாத்திவிட்டோம். இந்நேரம் இறுகியிருக்கும், அக்கா வெளியிலிருந்து தள்ளினால் திறக்காது. உள்ளேயிருந்து நீங்கள்தான் ஓர் உதை விட வேண்டும்.

வணக்கம்.