எண்ணூறு நாற்காலி, ஒரே திரை

இந்த அரங்கின் உரிமையாளரும் இன்றைய கூட்டத்தின் தலைவருமான அம்மா அவர்களே! முன்வரிசையில் கால்நீட்டி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! முந்தி வந்து இடம்பிடித்து முறுவலிக்கும் தாய்மார்களே! பழக்கதோஷத்தில் பால்கனியிலிருந்து விசிலடிக்கும் தம்பிமார்களே! முப்பது ஆண்டுகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று படம் ஓட்டிய இந்த ஆபரேட்டர், முதன்முறையாக உங்கள் முகம் பார்த்து வணங்குகிறேன்!

இந்த ஒற்றை அரங்கை மூன்றாகப் பிரிப்பதா, வேண்டாமா? அம்மா இன்று முடிவு சொல்லப் போகிறார். காலையிலேயே பொறியாளர் வந்து, சுவர் எழும்ப வேண்டிய இடத்தில் தரையில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போட்டுவிட்டார்.

ஒரு கதை சொல்லட்டுமா? என்ன தம்பி, சுருக்கமாகவா? இடைவேளைக்குள் முடித்துவிடுகிறேன்!

அன்று மேட்னி. பெட்டியில் ஒட்டிய எண்ணைப் பார்த்தேன்; படச்சுருளின் நுனியில் எழுதிய எண்ணைப் பார்த்தேனா? இல்லை! பத்தாம் ரீல் இருக்க வேண்டிய பெட்டியில் பன்னிரண்டு இருந்தது. மாட்டினேன். கதாநாயகன் செத்தான். அரங்கமே அழுதது. அடுத்து மாட்டிய பதினோராம் ரீலில் அவனே எழுந்து வந்து காதலியோடு ஆடுகிறான்!

ஓர் அக்கா கத்தினார்: "ஏம்ப்பா ஆபரேட்டரு, இப்பத்தானே பொணத்தைத் தூக்கிட்டுப் போனாங்க?"

பக்கத்தில் இருந்த தையற்காரர் ஒருவர் சமாதானம் சொன்னார்: "சும்மா இருங்கக்கா, ஆவியா வந்திருக்கான்!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஆவிக்கு எதுக்குய்யா கூலிங் கிளாஸு?"

அவ்வளவுதான்! எண்ணூறு பேர் சிரித்த சிரிப்பில் என் அறைக் கண்ணாடி அதிர்ந்தது. அம்மாவின் அப்பா, அன்றைய முதலாளி, மூச்சிரைக்க மாடியேறி வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ கீழே எட்டிப் பார்த்து, "மாத்தாதேய்யா, சிரிக்கட்டும்" என்றார். மறுநாள் நீங்கள் என்ன கேட்டீர்கள்? "நேத்து மாதிரியே போடுங்க!"

கைப்பேசியில் படம் தெரியும். கூடச் சிரிக்கப் பக்கத்து நாற்காலி உண்டா? சுவர் எழுப்பினால், அந்த அக்காவின் கேள்வி ஓர் அறையில், தையற்காரரின் பதில் ஓர் அறையில், கூலிங் கிளாஸ் ஓர் அறையில்! சிரிப்பு எங்கே ஐயா?

அம்மா, கொஞ்சம் எட்டித் தரையைப் பாருங்கள். கோடு எங்கே? காலையில் பளிச்சென்று இருந்த கோடு எங்கே? அழித்தது யார்? உள்ளே வந்த இந்த எண்ணூறு ஜோடிக் கால்கள்!

என்னம்மா? மைக்கில் சொல்லட்டுமா? கேளுங்கள் மக்களே: "சுவர் வேண்டாம். ஆனா இனிமேலாவது நுனியில இருக்கிற நம்பரைப் பாருங்க" என்கிறார்!

பார்க்கிறேன் அம்மா, சத்தியமாகப் பார்க்கிறேன்! கோட்டை அழித்த கால்களுக்கெல்லாம் நன்றி கூறி, மீண்டும் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறேன். வணக்கம்!