ஸ்வான் முனையின் கடைசி ஓட்டு

என் மனைவி ஸ்வாவா போடும் காபியைக் குறை சொன்னவர் இந்த ஏரிக்கரையில் இல்லை. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குடியுங்கள். கோப்பையில் போட்டுக் கலக்குவதெல்லாம் வின்னிபெக்காரர்கள் பழக்கம்.

ஒழிக்கப்பட்ட எங்கள் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுத வந்திருக்கிறீர்கள். சின்ன வரலாறுதான். ஸ்வான் முனையிலிருந்து வின்னிபெக்கில் கூடும் மாகாண சட்டமன்றத்துக்கு முதலில் போனவர் என் தாத்தா. அவருக்குப் பின் என் அப்பா. அப்பாவுக்குப் பின் என் தம்பி ஹன்னெஸ். நடுவில் வேறு குடும்பத்தின் பெயர் எழுத உங்களுக்கு வேலை வராது.

மூத்தவன் நான்தான். ஆனால் கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆளுங்கட்சி என்னைத் தேர்தல் அதிகாரியாக நியமித்தது. அண்ணன் தேர்தலை நடத்துவான், தம்பி ஜெயிப்பான். இதில் தவறு இருப்பதாக எங்கள் குடும்பத்தில் எவரும் சொன்னதில்லை. மேலும் தேர்தல் அதிகாரிக்கு ஓட்டுக் கிடையாது. இருவரும் சமமாக வந்தால் மட்டும் அவர் ஒரு ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்.

கடைசித் தேர்தலில் அது எப்படிச் சமமாக வந்தது என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க எதுவும் இல்லை.

அந்த முறை பள்ளி ஆசிரியர் எல்லர்ட் எதிர்த்து நின்றார். ஊரே அவரிடம் படித்தது; பாதி ஊர் அவர் பக்கம். அடி வாங்காத பாதி அது. எங்கள் ஊரில் யார் ஓட்டு யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். பெட்டியைத் திறப்பது மரியாதைக்காகத்தான். நூலிழையில் நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. நிச்சயமில்லாத வீடு ஒன்றே ஒன்று. அது என் வீடு.

முந்தின ஞாயிற்றுக்கிழமை ஹன்னெஸ் சாப்பிட வந்திருந்தான். ஸ்வாவா வீனார்தெர்த்தா செய்திருந்தாள். ப்ரூன் பழக்கூழ் தடவி அடுக்கும் கேக். ஏழு அடுக்கு இருக்க வேண்டும்.

"அண்ணி, இதுல ஆறுதான் இருக்கு," என்றான் ஹன்னெஸ். "எங்கம்மா பார்த்திருந்தா அழுதிருப்பாங்க."

"உங்கம்மா கேக்கைச் சாப்பிட்டுத்தான் உங்கப்பா அழுதாரு," என்றாள் ஸ்வாவா. "இரு, உனக்கு ஓட்டுச் சீட்டுல பதில் சொல்றேன்."

ஹன்னெஸ் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மூன்று தலைமுறையின் மானம் அடுக்குக் கேக்கில் ஊசலாடுவதைக் கண்ட பின் எப்படிச் சிரிப்பது?

வீட்டுக்குப் பின்னால் எங்கள் பனிக்கட்டிக் கிடங்கு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் ஏரியில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்து, கோடை முழுவதும் அதில் மீன் வைப்போம். தேர்தலன்று காலை, மதியச் சமையலுக்கு ஒரு வெள்ளைமீன் எடுத்து வரச் சொன்னேன். அவள் உள்ளே போனாள். நான் கதவைப் பூட்டினேன்.

என்னைக் கொடூரன் என்று எழுதிவிடாதீர்கள். என் அப்பாவின் ரோமக் கோட்டு ஒன்றை முதல் நாளே உள்ளே ஆணியில் மாட்டியிருந்தேன். குடுவையில் காபி, பாதியில் நின்ற அவள் பின்னல் வேலை, உட்கார ஒரு மீன் பெட்டி, எல்லாம் வைத்திருந்தேன். இத்தனை யோசிக்கும் கணவர்கள் இந்தப் பக்கம் குறைவு.

"யூலியுஸ், கதவு சாத்திக்கிச்சு!" என்று அவள் குரல் கேட்டது. பிறகு கோட்டைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. பிறகு மீன் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

ஓட்டுச் சாவடி நடந்த மண்டபத்தில் சமையலைக் கவனித்த லீனா, "ஸ்வாவா எங்கே? ஓட்டுப் போட வரலையா?" என்று கேட்டாள்.

"தலைவலி."

"அவளுக்கா? அவ பிறத்தியாருக்குத்தானே தலைவலி கொடுப்பா?"

எண்ணி முடித்தபோது இருவரும் சமம். சட்டப்படி எழுந்து, சட்டப்படி ஒரு சீட்டை எடுத்து, என் தம்பிக்குப் போட்டேன். எல்லர்ட் ஆசிரியர் என் கையைக் குலுக்கி, "எண்ணத் தெரிஞ்சவன் நீ," என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு நடனம் இருந்தது. அன்று என் நாக்குக்கூட ஒட்டவில்லை. பெண்களின் ஓட்டுரிமை பற்றிச் சில வார்த்தைகள் பேசினேன்.

நடனம் முடிந்து வந்து கிடங்கைத் திறந்தேன். அவள் மீன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

"ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சு."

"எத்தனை ஓட்டுல?"

"சமமா வந்துச்சு. என் ஓட்டுல ஜெயிச்சான்."

அவள் மரத்தூளில் சரிந்து சிரித்தாள். பல் கிடுகிடுத்ததால் சிரிப்பு துண்டு துண்டாக வந்தது.

"அட மூளை கெட்டவனே, நானும் அவனுக்குத்தான் போட இருந்தேன். என் கேக்கைக் குறை சொல்றவனை வின்னிபெக்ல கொண்டுபோய் உட்கார வைக்க எனக்கு வேற என்ன வழி இருக்கு?"

குளிரில் உளறியதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் ஓட்டில் ஜெயித்த தம்பி என்று பத்திரிகைகள் கேலி செய்தன. கட்சி மேலிடத்துக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த முறை எல்லை வரைந்தபோது ஸ்வான் முனையை இரண்டாக வெட்டிப் பக்கத்துத் தொகுதிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹன்னெஸ் இப்போது ஞாயிறுதோறும் இங்கேதான் சாப்பிடுகிறான். அடுக்கை எண்ணாமல் கேக்கைத் தொடுவதில்லை. ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: எங்கள் குடும்பம் அந்தத் தொகுதியில் ஒருநாளும் தோற்கவில்லை.

தொகுதியோடு என் பதவியும் போய், எனக்கும் ஓட்டுரிமை வந்தது; ஆனாலும் நான் அதற்குப் பிறகு ஓட்டுப் போட்டதில்லை. கொள்கை காரணம் அல்ல. தேர்தல் வந்தால் போதும், அன்று காலையில் ஸ்வாவாவுக்குக் கிடங்கிலிருந்து ஒரு வெள்ளைமீன் வேண்டும். நான் உள்ளே போனதும் ஏரிக்காற்றில் கதவு சாத்திக்கொள்கிறது. நல்லவேளையாக அந்தக் கோட்டு இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. காபியும் எப்போதும் சூடாகவே இருக்கிறது. அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறதே, அதுதான் கிடங்குச் சாவி. எங்கள் குடும்பத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு பற்று.