பவளம் சுருங்கிய வீடு

“நீ கை விட்டியா இல்லையா, அதை மட்டும் சொல்லு.”

“விடலை. எத்தனை தடவை சொல்றது? உன் தொட்டிப் பக்கம் வந்தே ஒரு மாசம் ஆச்சு.”

“அப்போ அதுங்க ஏன் சாகுது?”

“அதுங்களையே கேளு.”

கீழ்வீட்டில் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது நான் மேலே ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. தண்ணீர்க் குழாய் போகும் சந்து இரண்டு சமையலறைக்கும் பொது. பேச்சு தானாக ஏறி வருகிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். நான் என்ன செய்ய?

கீழ்வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, பவளம் மட்டும் உண்டு. கூடத்தில் சோபா போட வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், அதற்குள் உயிருள்ள பவளம். பார்க்கக் கல் மாதிரி இருக்கும். உண்மையில் நூற்றுக்கணக்கான சின்ன உயிர்கள் ஒட்டிக் குடித்தனம் நடத்தும் அடுக்குமாடி அது. ஒவ்வொன்றும் பயறு அளவு. பாலிப் என்பார் அவர். மனசு சரியாக இருந்தால் கைகளை நீட்டி விரியும். பிடிக்கவில்லை என்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். எங்கள் கட்டடத்துக்காரர்களும் அப்படித்தான்.

இந்தச் சண்டைக்கு நாலைந்து மாசம் முன்பு அவை முதல் தடவை சுருங்கியபோது அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். நான் தைத்துக்கொண்டிருந்தேன். கீழே உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“அதிருது அக்கா. ஒரு பத்து நாள் மெஷினை நிறுத்துங்க.”

அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாதாம். அந்த முறைப்படி முதல் குற்றவாளி நான். முடியாது என்றேன். அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மறுநாளே மெஷினை நிறுத்தச் சொல்லிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது.

பத்து நாள் நாற்பது நாளானது. கல்யாண சீசன். வெட்டி வைத்திருந்த பதினோரு உடுப்புகளை ஒரு மணப்பெண்ணின் அம்மா பைக்குள் திணித்து அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனாள். பதினாறு வருஷமாக என்னிடம் தைத்தவர்களும் போனார்கள். இன்னும் அங்கேதான் தைக்கிறார்கள்.

நாற்பத்தொன்றாம் நாள் படிக்கட்டில் அவருடைய மனைவியைப் பார்த்தேன். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருப்பவள். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

“இன்னும் எத்தனை நாளும்மா?”

“ஐயோ அக்கா, அது அப்பவே சரியாப் போச்சே. விளக்குதான் பழசாம். மாத்தின உடனே விரிஞ்சிடுச்சு. ஒரு மாசம் இருக்கும். உங்ககிட்ட சொல்ல மறந்தே போயிட்டோம், பாருங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்குப் பல்வரிசை அழகு. அன்று எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெரிந்தது.

அதன்பிறகு நாங்கள் நெருக்கமானோம். தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். தினமும் நண்பகலில் ஒரு குடுவை சுத்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் ஊற்றுகிறேனே என்றேன். “அக்கா, நீங்க தங்கம்” என்று சாவியைக் கையில் வைத்தாள்.

தண்ணீர் ஊற்றினேன். அது முடிந்ததும், கம்பளி பின்னும் நீள ஊசி ஒன்று, பிளாஸ்டிக்தான், அதை உள்ளே விட்டு ஒவ்வொரு பாலிப்பாகத் தொட்டேன். விஷம் வைத்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஒரு சொட்டுக்கூட எதுவும் கலக்கவில்லை. தொட்டேன், சுருங்கியது. விரியப் பார்க்கும்போது மறுபடி தொட்டேன். தினமும் ஒன்றரை மணி நேரம். தையல்காரிக்குப் பொறுமை ஒரு விஷயமே இல்லை. விரியாத உயிருக்கு இரையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மூன்றாவது வாரம் ஓரங்கள் வெளுத்தன.

அவர் கட்டம் போட்ட நோட்டை எடுத்தார். உப்பு சரி. சூடு சரி. விளக்கு புதுசு. பிறகு மீன்கள் மேல் சந்தேகம். தங்கச்சி செல்லப்பெயர் வைத்துக் கொஞ்சிய இரண்டு ஆரஞ்சு மீன்கள் யாருக்கோ போயின. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பவளம் விரியவில்லை.

“பொம்பளைங்க கையில பூசுற கிரீம் இதுக்கெல்லாம் ஆகாதுன்னு எங்கேயோ கேட்ட ஞாபகம், தம்பி” என்றேன் ஒரு நாள், டீ குடித்துக்கொண்டே.

கிரீமை நிறுத்தச் சொன்னார். நானும் நாலு நாள் ஊசியை எடுக்கவில்லை. லேசாக விரிந்தது. ஐந்தாம் நாள் எடுத்தேன். நான் முதலில் சொன்ன சண்டை அன்று மாலை நடந்ததுதான். அதற்குப் பின் அவள் தலைக்குப் பூசும் எண்ணெய் போனது, வாசனைத் திரவம் போனது, தரை துடைக்கும் மருந்து போனது. ஒவ்வொன்றுக்கும் நாலு நாள் நல்ல காலம், பிறகு பழைய கதை. திருட்டுத்தனமாகப் பூசுகிறாள் என்று அவர் நம்பினார். அவள் பையைத் திறந்து பார்க்கும் அளவுக்கு நம்பினார்.

கடைசியில் மாற்றுவதற்கு அந்த வீட்டில் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

“ரெண்டே வாரம் உங்க அம்மா வீட்டுல இரு. சோதனைதானே.”

“நானும் உன் நோட்டுல ஒரு கட்டமா?”

மறுநாள் காலையில் அவள் ஒரு பையோடு படியிறங்கிப் போனாள்.

அந்த இரண்டு வாரமும் நான் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். நாலாம் நாள் கைகள் வெளியே வந்தன. பத்தாம் நாள் நிறம் திரும்பியது. தொட்டி முழுக்கப் பூத்துக் கிடந்ததைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினார். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

துணிமணி எடுக்க ஒரே ஒரு தடவை வந்தாள். என் வீட்டுக்கும் வந்தாள். உள்ளங்கைகளை என் முன்னால் விரித்து, “அக்கா, என் கையில என்னதான் இருக்கு?” என்று அழுதாள். வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்தேன். “ஒண்ணும் தெரியலைம்மா” என்றேன். பொய் சொல்லவில்லை.

விவாகரத்து சீக்கிரமே முடிந்தது. பவளத் துண்டுகள் விற்கும் ஒரு பெண்ணை அவர் கட்டிக்கொண்டு, தொட்டியோடு பெரிய வீட்டுக்குக் குடிபோய்விட்டார். கீழ்வீட்டில் இப்போது காது கேளாத ஒரு தம்பதி. நான் பகல் முழுக்கத் தைக்கிறேன்.

தங்கச்சி வேறு ஊருக்குப் போய்த் தன் அக்கா வீட்டுப் பக்கத்தில் தனியாக இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். அக்காவுக்குக் குழந்தை பிறந்து நாலு மாசமாகிறது. இவள் இன்னும் தூக்கவில்லை. பத்து தடவை கை கழுவுகிறாள், தொட்டிலருகே போகிறாள், திரும்பி வந்துவிடுகிறாள். தூக்கட்டுமா என்று போன வாரம் என்னைக் கேட்டாள். அவசரப்படாதே, கொஞ்ச நாள் பொறுத்துப் பார் என்றேன். பாவம், நல்லது கெட்டது சொல்ல அவளுக்கென்று இருப்பது நான் ஒருத்திதான்.