ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் அத்தா

நாஸியா: அசையாதேன்னு சொன்னா அசையாதே!

கௌஸ் பாஷா: அசையலடி... மூக்கு அரிக்குது.

நாஸியா: அரிச்சா என்னா செய்யணும்னு சொல்லிக் குடுத்தேன்?

கௌஸ் பாஷா: பத்து எண்ணணும். அதுவா போயிடும்.

நாஸியா: எண்ணு. மனசுக்குள்ள எண்ணு! வாய் அசையுது பாரு... ஜாய்ஸ் அக்கா, அவுட்! எங்க அத்தா மறுபடியும் அவுட்!

ஜாய்ஸ்: எவ்ளோ நேரம் தாங்குனாரு?

நாஸியா: ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு. நடுவுல ஒரு தும்மல் போட்டாரு. போனா போவுதுன்னு விட்டேன்.

கௌஸ் பாஷா: இது டபுள் டோர் ஃப்ரிட்ஜோட பெட்டிம்மா. நான் அதைவிடப் பெரிய மாடலு. காலு ரெண்டும் வெளிய கிடக்குது. நான் வித்த ஃப்ரிட்ஜோட அட்டைப் பெட்டிக்குள்ள நானே படுத்துக்கினு கிடக்கறதைத் திருக்கனூர்ல எவனாச்சும் பாத்தான்னா அப்புறம் கடைக்கு வருவானா?

ஜாய்ஸ்: வருவான் பாய். பெட்டி ஸ்ட்ராங்குன்னு தெரிஞ்சிடும்ல.

நாஸியா: அத்தா, யாரு உன்னைப் பேசச் சொன்னது? ஸ்கேன் இன்னும் முடியல. அக்கா, சத்தம் போடுங்க.

ஜாய்ஸ்: போடறேன். முதல் சத்தமா, ரெண்டாவதா?

நாஸியா: மூணாவது. டடடடடடன்னு வருமே, அது. அதுக்குத்தான் இவரு ரொம்ப பயப்படறாரு.

கௌஸ் பாஷா: பயமா? எனக்கா? அது வெறும் போர் செட் மோட்டார் சத்தம்டி... இரு இரு, ஒரு நிமிஷம். ஹலோ? ஆமா, கௌஸ் பாஷாதான். ஃப்ரீசர்ல ஐஸ் கட்டலியா? அண்ணே, நான் இப்ப ஸ்கேன்ல இருக்கேன்... அய்யோ, எனக்கு ஒண்ணும் இல்லண்ணே... வூட்ல யாருக்கும் சொல்லாதீங்க!

நாஸியா: போனு! அக்கா, பெட்டிக்குள்ள போனு வச்சிக்கினு இருந்திருக்காரு!

ஜாய்ஸ்: பாய்...

கௌஸ் பாஷா: கஸ்டமரும்மா.

நாஸியா: உள்ள பெரிய காந்தம் இருக்குது. போனைப் புடிச்சி இழுத்துக்கும். ஒரு ஸ்டார் கட்.

கௌஸ் பாஷா: ஆக மொத்தம் எனக்கு இருக்கறதே மூணு ஸ்டாருதான்டி.

நாஸியா: இனிமே ரெண்டு. எனக்குப் பதினாலு.

ஜாய்ஸ்: சரிடா நாஸியா, மணி பத்தேகால் ஆச்சு. உஷாராணி சிஸ்டர்கிட்ட போயி, பாத்ரூம் போயிட்டு, அந்தப் பூப்போட்ட ஆஸ்பத்திரி டிரெஸ்ஸை மாத்திக்கினு வந்துடு. சரியா பதினொண்ணுக்கு நம்ம டர்ன்.

நாஸியா: அக்கா, அந்த ரப்பர் பந்து ஒண்ணுதான் குடுப்பாங்களா?

ஜாய்ஸ்: ஒண்ணுதான். உன் கையில குடுப்பாங்க. ரொம்ப பயமா இருந்தா ஒரே ஒரு அமுக்கு. வெளிய பீப்னு கேக்கும், மெஷினை நிறுத்திடுவாங்க.

நாஸியா: ரெண்டு கிடையாதா?

ஜாய்ஸ்: ரெண்டு எதுக்கு?

நாஸியா: சும்மா கேட்டேன். அத்தா, நான் வர்ற வரைக்கும் பெட்டியில ப்ராக்டீஸ் பண்ணு.

கௌஸ் பாஷா: போயிட்டாளா?

ஜாய்ஸ்: போயிட்டா. வெளிய வாங்க பாய்.

கௌஸ் பாஷா: கையைக் குடுங்கம்மா... ஸ்ஸ்... இடுப்பு... அப்பாடா. எப்படிம்மா நம்ம நடிப்பு?

ஜாய்ஸ்: எது?

கௌஸ் பாஷா: பயந்த மாதிரி செய்யறேனே, அதான். நீங்கதானே சொன்னீங்க.

ஜாய்ஸ்: நடிங்கன்னு நான் எப்ப சொன்னேன்? "அவ வாத்தியாரா இருக்கட்டும், நீங்க ஸ்டூடண்ட்டா இருங்க, சொல்லிக் குடுக்கச் சொல்லிக் குடுக்க அவ பயம் போயிடும்"னுதான் சொன்னேன். கொழந்தைங்ககிட்ட பொய் சொல்லக் கூடாதுங்கறது எங்க வேலையில முதல் ரூலு.

கௌஸ் பாஷா: நடிப்பு என் ஐடியாதான். ஆனா எப்படி இருந்துச்சு? நிஜம் மாதிரி இல்ல?

ஜாய்ஸ்: ரொம்ப. இந்த வேர்வைகூட நடிப்பா?

கௌஸ் பாஷா: ஆமா.

ஜாய்ஸ்: ஏசி ரூம்ல?

கௌஸ் பாஷா: ஒரு வேலையை எடுத்தா முழுசா செய்யணும்ல டாக்டரம்மா.

ஜாய்ஸ்: நான் டாக்டர் இல்ல பாய், சைக்காலஜிஸ்ட்டு. எத்தினி தடவ சொல்றது.

கௌஸ் பாஷா: அந்தப் பேரை வெளிய சொல்ல முடியலம்மா. "பொண்ணுக்கு மூளை சரியில்லையா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஊர்ல உங்களை டியூஷன் மிஸ்ஸுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.

ஜாய்ஸ்: எங்க வூட்ல மட்டும் என்னாவாம்? எங்கம்மா மாதா கோயில் வாசல்ல நின்னுக்கினு, "என் பொண்ணு ஆஸ்பத்திரியில கொழந்தைங்களோட விளையாடறா, அதுக்குச் சம்பளமும் தர்றாங்க"ன்னு சொல்லிக்கினு இருக்காங்க. எம்.ஃபில் படிச்சதையே யாரும் நம்பறது இல்ல.

கௌஸ் பாஷா: அட்டைப் பெட்டி எம்.ஃபில்லா?

ஜாய்ஸ்: சிரிங்க, சிரிங்க. போன தடவ மெஷினைப் பாத்ததுமே கத்தி ஊரைக் கூட்டுன பொண்ணு, நேத்து இதே பெட்டிக்குள்ள இருபது நிமிஷம் கண்ணைக்கூட உருட்டல.

கௌஸ் பாஷா: இன்னிக்கும் பாதியில எழுந்துட்டா என்னாம்மா ஆவும்?

ஜாய்ஸ்: மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்கணும். ஆனா அவளுக்கு இளைப்பு இருக்கு. நெஞ்சுல சத்தம் முழுசா அடங்காம மயக்க மருந்து குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அப்படிப் பாத்தா இன்னும் ஒரு மாசம்.

கௌஸ் பாஷா: போன வாரம் மட்டும் ரெண்டு ஃபிட்ஸ்மா. ஸ்கூல்ல ஒண்ணு, வூட்ல ஒண்ணு. நான் ஓடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. எழுந்து உக்காந்துக்கினு, "நான் ஒண்ணும் அழல அத்தா"ன்னு சொல்றா.

ஜாய்ஸ்: தெரியும் பாய். அதான் டாக்டர் அரங்கநாதன் சாரும் அவசரப்படறாரு. தலையை ஸ்கேன்ல பாத்தாதான் எந்த மருந்துன்னு முடிவு பண்ண முடியும். பத்தொம்பது நிமிஷம். அதுக்கு மேல வேணாம்.

கௌஸ் பாஷா: பத்தொம்பது நிமிஷம்.

ஜாய்ஸ்: நீங்க ஸ்டூல்ல உக்காந்து அவ கையைப் புடிச்சிக்கினு இருந்தா போதும். ஏன் கண்ணை இறுக்க மூடிக்கறீங்க?

கௌஸ் பாஷா: நடிப்பும்மா. விட்டுப்போச்சுன்னா மறந்துடும்ல, அதான் ப்ராக்டீஸ். எனக்கு ஸ்கேனெல்லாம் சகஜம். ரெண்டு வருஷம் முன்னால முதுகு வலிக்கு எழுதிக் குடுத்தாங்க, வேற ஆஸ்பத்திரியில. ஜம்முன்னு போய்ப் படுத்தேன். பாதியில மெஷின் ரிப்பேரு. வந்துட்டேன்.

ஜாய்ஸ்: மறுபடி போவலியா?

கௌஸ் பாஷா: அதுக்குள்ள முதுகே சரியாயிடுச்சு.

ஜாய்ஸ்: நல்ல முதுகு.

நாஸியா: நான் ரெடி!

ஜாய்ஸ்: அடடா, யாரு இது? புது டாக்டரா?

நாஸியா: அத்தா, நீ ரெடியா?

கௌஸ் பாஷா: ரெ... ரெடி.

*

நாஸியா: இந்தக் கோட்டைத் தாண்டறதுக்கு முன்னால எல்லாத்தையும் கழட்டணும். நான் படிக்கறேன். சாவி?

கௌஸ் பாஷா: குடுத்துட்டேன்.

நாஸியா: வாட்ச்சு?

கௌஸ் பாஷா: குடுத்துட்டேன்.

நாஸியா: பெல்ட்டு?

கௌஸ் பாஷா: அதைக் கழட்டுனா பேண்ட் நிக்காதுடி.

நாஸியா: ஒரு கையால புடிச்சிக்கோ.

கௌஸ் பாஷா: இன்னொரு கை?

நாஸியா: அது என் கை. சட்டைப் பாக்கெட்டு?

கௌஸ் பாஷா: ஒண்ணும் இல்ல.

நாஸியா: அத்தா...

கௌஸ் பாஷா: ...ஸ்க்ரூ டிரைவர்.

ஜாய்ஸ்: பாய்! ஆஸ்பத்திரிக்கு எதுக்கு ஸ்க்ரூ டிரைவர்?

கௌஸ் பாஷா: பழக்கம்மா. எங்க போனாலும் கூடவே வரும்.

ஜாய்ஸ்: உள்ள போயிருந்தா உங்களை விட்டுட்டு மெஷின்கூட போயிருக்கும். பறந்து.

கௌஸ் பாஷா: மெஷினுக்கு வாரண்டி இருக்குதுல்ல?

நாஸியா: தாயத்து?

கௌஸ் பாஷா: அது... தகட்டுல செஞ்சதுதான். ஆனா இதை மட்டும் எப்படிடி...

நாஸியா: நானும் கழட்டிட்டேன் பாரு. சிஸ்டர் ரெண்டையும் ஒண்ணா முடிஞ்சி வச்சிக்கறேன்னாங்க. வெளிய வந்ததும் எனக்கு நீ கட்டு, உனக்கு நான் கட்டறேன்.

கௌஸ் பாஷா: ...சரி. இந்தா.

ஜாய்ஸ்: நான் கண்ணாடிக்கு அந்தாண்ட டெக்னீஷியன் கலைச்செல்வன்கூட நிக்கறேன். பயமா இருக்காடா?

நாஸியா: எனக்கு இல்லக்கா. அத்தா, மூச்சு. மூக்கால இழு... வாயால விடு. மெதுவா. இன்னொரு தடவ. அப்படித்தான்.

*

ஜாய்ஸ்: பத்தொம்பது நிமிஷம்! நாஸியா! பத்தொம்பது!

நாஸியா: முடிஞ்சிடுச்சாக்கா?

ஜாய்ஸ்: முடிஞ்சிடுச்சாவா? "பெரியவங்களுக்கே இவ்ளோ சுத்தமா படம் வராது"ன்னு கலைச்செல்வன் சொல்றாரு! ஒரு ஆட்டம், ஒரு மங்கல் கிடையாது! அரங்கநாதன் சார் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டாரு, இன்னிக்கே மருந்தை மாத்தறேன்னுட்டாரு! பாய், கேட்டீங்களா? இன்னிக்கே!

கௌஸ் பாஷா: இன்னிக்கேவா? அல்லா... இன்னிக்கேவா! நாஸியா! எங்கண்ணு!

நாஸியா: பேண்ட்டு, அத்தா! பேண்ட்டைப் புடி!

கௌஸ் பாஷா: போவட்டும்டி! பெல்ட்டு எங்க... போன் எங்க... உங்கம்மாவுக்குச் சொல்லணும்! கடைக்குச் சொல்லணும்! அந்த ஐஸ் கட்டாத ஆளுக்கும் சொல்லணும்!

ஜாய்ஸ்: ஸ்டிக்கர் ஷீட் எங்க வச்சேன்... இந்தா, ஷீட்டு முழுக்க உனக்குத்தான். எடுத்துக்கோ. சத்தம் எப்படிடா இருந்துச்சு?

நாஸியா: நல்லா இருந்துச்சு. மூணாவது சத்தம் நீங்க போட்டதைவிட கொஞ்சம் ஸ்லோ.

கௌஸ் பாஷா: நான் சொன்னேன்ல, வெறும் மோட்டார் சத்தம்! என்னாம்மா, கடைசி வரைக்கும் நம்ம நடிப்பு எப்படி? கண்ணாடி வழியா பாத்தீங்கல்ல? கண்ணை மூடிக்கினு, பல்லைக் கடிச்சிக்கினு... அவளுக்கு நம்பிக்கை வரணும்னே செஞ்சேன்.

ஜாய்ஸ்: பாத்தேன், பாத்தேன். இருங்க, இந்தக் காகிதத்தை எழுதி முடிச்சிடறேன். பேரு... வயசு எட்டு... மயக்க மருந்து இல்லை... ஆங், இது ஒண்ணு. பன்னெண்டாவது நிமிஷத்துல பீப் வந்துச்சே?

கௌஸ் பாஷா: எந்த பீப்பு?

ஜாய்ஸ்: பந்தை அமுக்குன பீப்பு. ஒரு சத்தம் முடிஞ்சி அடுத்தது ஆரம்பிக்கறதுக்கு முன்னால. கலைச்செல்வன் நிறுத்திட்டு மைக்ல கேட்டாரு. "ஒண்ணும் இல்லண்ணா, நீங்க ஓட்டுங்க"ன்னு உள்ளேர்ந்து இவ குரல் வந்துச்சு.

நாஸியா: நான்தான் அமுக்குனேன்.

ஜாய்ஸ்: பயந்துட்டியாடா?

நாஸியா: இல்ல. வேலை செய்யுதான்னு பாத்தேன்.

கௌஸ் பாஷா: கொழந்தைதானேம்மா. எட்டு வயசு. கையில பந்து இருந்தா அமுக்காம என்னா செய்யும்? விடுங்க.

ஜாய்ஸ்: தப்பே இல்ல பாய், அமுக்கறதுக்குத்தானே குடுத்தது. ஆனா எழுதணும். ஆறு மாசம் கழிச்சி மறுபடியும் ஸ்கேன் எடுப்பாங்க. அன்னிக்கு யாரு டியூட்டியோ. "நோயாளி நடுவில் பந்தை அழுத்தினார்"னு இதுல இருந்தா, எதுக்கு வம்புன்னு நேரா மயக்க ஊசிக்கு எழுதிடுவாங்க.

நாஸியா: அசையாமதானேக்கா இருந்தேன்?

ஜாய்ஸ்: ஆமாடா. ஆனா படிக்கறவங்களுக்கு உன் பெட்டி தெரியாது, பதினாலு ஸ்டாரு தெரியாது. பந்தை அமுக்குனது மட்டும்தான் தெரியும்.

நாஸியா: ...பரவால்ல. எழுதுங்க.

கௌஸ் பாஷா: என்னா பரவால்ல?

நாஸியா: அத்தா, நீ சும்மா இரு.

ஜாய்ஸ்: அப்ப எழுதிடறேன். நோயாளி நடுவில்...

கௌஸ் பாஷா: நிறுத்துங்கம்மா.

ஜாய்ஸ்: ஏன் பாய்?

கௌஸ் பாஷா: நோயாளின்னு எழுதாதீங்க.

ஜாய்ஸ்: அப்புறம்?

கௌஸ் பாஷா: கூட வந்தவர்னு எழுதுங்க. பேரு கௌஸ் பாஷா. வயசு நாப்பத்தி மூணு. திருக்கனூர்ல ஃப்ரிட்ஜ் கடை.

ஜாய்ஸ்: ...பந்தை அவ கையிலதானே குடுத்தாங்க?

கௌஸ் பாஷா: போர்வையைப் போத்தி உள்ள தள்ளறதுக்கு முன்னால, கையைப் புடிக்கற மாதிரி புடிச்சி, என் கையில திணிச்சிட்டா.

ஜாய்ஸ்: அப்ப... நடிப்பு?

கௌஸ் பாஷா: பதினொரு நிமிஷம் வரைக்கும் நடிப்புதாம்மா.

ஜாய்ஸ்: நாஸியா, இங்க பாரு. உனக்கு இருந்ததே ஒரு பந்து. அதை ஏண்டா அத்தாகிட்ட குடுத்தே?

நாஸியா: முதுகு ஸ்கேன் எடுக்கப் போனப்ப வெளிய உக்காந்து அவரு செருப்பைப் பாத்துக்கினு இருந்தது நான்தானேக்கா. மெஷின் ஒண்ணும் ரிப்பேர் ஆவல. அத்தாதான் செருப்புகூட போடாம ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் ஓடுனாரு. நான் செருப்பை எடுத்துக்கினு பின்னாடியே ஓடுனேன். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. இன்னிக்கும் அப்படி ஓடிட்டாருன்னா என் கையை யாருக்கா புடிச்சிக்குவா? அதான் பந்தை அவருகிட்ட குடுத்தேன். பாத்தீங்கல்ல... ஒரு அமுக்குதான், ஓடவே இல்ல. அவருக்கும் ஒரு ஸ்டாரு போடுங்க.