மனுவில் இல்லாத வாக்கியம்

"பெரியப்பா, உங்க கதையில வர்றவங்களுக்கு வலிக்கவே வலிக்காதா?" என்று நீ ஒருநாள் கேட்டாய். அப்போது உனக்கு எட்டு வயது. என் மேசையின் மறுபுறம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தபடி கேட்டாய். உனக்கு நினைவிருக்காது.

கீழ்வீட்டிலிருந்து உன்னைக் கூட்டிப்போக வந்த உன் அப்பா, வாசலிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டார். "பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது? தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. இவ வாய்க்கு ஒரு மூடி தேடுறேன், எந்தக் கடையிலயும் அளவு கிடைக்கல."

"குழந்தை சரியாத்தானே கேக்குது" என்று சிரித்தேன்.

இப்போது நீ ஆசிரியை. உன் மாணவர்கள் கதை எழுதப் பழகுகிறார்கள், அவர்களுக்காகக் கதை எழுதுவோர் வழக்கமாகச் செய்யும் பிழைகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று எழுதியிருந்தாய். "ஆயிரக்கணக்கான கதைகளைத் திருப்பி அனுப்பியவர் நீங்கள். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்றும் எழுதியிருந்தாய். மூன்று வாரம் என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. இப்போது எழுதி அனுப்புகிறேன். இதில் எதை மாணவர்களுக்குக் கொடுப்பது என்று படித்த பிறகு நீயே முடிவு செய்.

வாரப் பத்திரிகையில் என் வேலை உனக்குத் தெரியும். போட முடியாத கதைகளைத் திருப்பி அனுப்புவேன். வெறுமனே அனுப்பினால் எழுதியவர் மனம் நோகுமே என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு வரி எழுதி வைப்பேன். 'உங்கள் நாயகி முதல் பக்கத்திலேயே அழுது தீர்த்துவிடுகிறாள், வாசகருக்கு அழ மிச்சமில்லை.' 'உங்கள் ஐந்து ஆட்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள், விளக்கை அணைத்தால் யார் யாரென்று தெரியாது.' இப்படி. எங்கள் உதவி ஆசிரியர் கிண்டல் செய்வார்: "சார், இந்தச் சீட்டையெல்லாம் தொகுத்துப் போடுங்க. உங்க கதைங்கள விட நல்லா விக்கும்."

அது உண்மை என்பதால்தான் நானும் சேர்ந்து சிரித்தேன். என் கதைகள் அவ்வப்போது அச்சாயின. அவற்றைப் பற்றி ஒரு வாசகர்கூடக் கடிதம் எழுதியதில்லை. அந்த நிலையில்தான் உன் கேள்வி பல்லிடுக்கில் சிக்கிய நார் போல என்னை விடாமல் உறுத்தியது.

முதல் பிழை இதுதான். வலியைப் பார்க்காதவர்கள் வலியை எழுதுகிறார்கள். என் பெற்றோர் நிறைவயதில் போனார்கள். நான் மணம் செய்துகொள்ளவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. தினமும் காலையில் இதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது என் வழக்கம். அந்த மாதம் அதையே ஒரு குறையாக நினைக்கத் தொடங்கினேன்.

உன் அப்பாவைப்போல மனநிறைவோடு வாழ்ந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. பள்ளியின் ஏழாம் நம்பர் வண்டியைப் பதினான்கு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார். பிள்ளைகள் அவரை 'ஏழு மாமா' என்றார்கள். அழுதுகொண்டே ஏறும் பிள்ளைக்கென்று சட்டைப்பையில் எப்போதும் ஒரு மிட்டாய் இருக்கும். பணியாளர் பிள்ளை என்பதால் உனக்கும் அந்தப் பெரிய பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. நீ அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து போவாய்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. கடிகாரக் கடை முனையில் சிக்னலில் நின்றபோது ஏழாம் நம்பர் ஓட்டுநரின் தலை இரண்டு முறை முன்னால் சரிந்தது, கூட வரும் ஆயாம்மா முதுகில் தட்டி எழுப்பினார், பின்னால் நின்ற பால் வண்டிக்காரர் பொறுமை இழந்து ஹாரன் அடித்தார் என்று அதில் இருந்தது.

இதை உன் மாணவர்களுக்குச் சொல்லலாம். ஓட்டுநர் தூங்குகிறார் என்று மட்டும் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். பால் வண்டியைச் சேர்த்தால் நம்புவார்கள். பள்ளி முதல்வர் உன் அப்பாவிடம் அதையே கேட்டார்: "பொய்யா எழுதுறவங்களுக்கு பால் வண்டியெல்லாம் எப்படிப்பா தோணும்?"

தோன்றியது. அதை எழுதியவன் நான்.

வலியைப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு வேண்டியிருந்தது இரண்டு மூன்று நாள்தான். விசாரிப்பார்கள், ஆயாம்மா அப்படி நடக்கவே இல்லை என்பார், வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவருக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் கடிகாரக் கடை முனைத் தபால் பெட்டியில் போட்டேன். பிரார்த்தனை செய்ததைச் சொல்லத்தான் அதிகம் கூசுகிறது.

விசாரணை முடியும்வரை அவரை வண்டி எடுக்க வேண்டாம் என்றார்கள். அவர் வழக்கம்போலக் காலையில் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்தார். நான் தேநீரோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறொருவர் ஓட்ட, ஏழாம் நம்பர் வண்டி எங்கள் தெருமுனையில் வேகமாகத் திரும்பியது. உன் அப்பாவின் வலது கால் தரையை அழுத்தியது. அவர் பிரேக் போட்டார், கண்ணு. இல்லாத பிரேக்கை. அதை எந்தக் கற்பனையிலும் நான் கண்டுபிடித்திருக்கமாட்டேன். மேலே வந்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நான்காம் நாள் அவர் ஆயாம்மாவையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். பள்ளி நிர்வாகிக்கு ஒரு மனு எழுதித்தர வேண்டும் என்றார். ஆயாம்மா படியேறிய மூச்சிரைப்பு அடங்கும் முன்பே ஆரம்பித்தார்.

"நல்லா அழுத்தி எழுதுங்க சார். நான் யாரையும் தட்டவுமில்ல, எழுப்பவுமில்ல. நாப்பது பிசாசுங்க போடுற சத்தத்துல பொணமே எழுந்து உக்காரும். இவன் எங்கேருந்து தூங்குறது?"

"பிசாசுன்னு சொல்லாதக்கா" என்றார் உன் அப்பா.

"ஆமா, உனக்கு எல்லாமே தெய்வம்தான். அதான் எவனோ ஒரு புண்ணியவான் உன் சோத்துல மண்ணைப் போட்டிருக்கான். நானே நேர்ல வந்து சொல்றேன். என் பேரையும் எழுதிக்குங்க சார்."

எழுதிக்கொண்டேன். அவர் போன பிறகு உன் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்: "அந்தம்மா பேரை இழுத்தா, அவங்களும் உடந்தைன்னு ஆயிடும். பாவம், அவங்க வேலைக்கும் ஏன் ஆபத்து?"

உன் அப்பா நல்லவர். அடுத்தவருக்குக் கெடுதல் என்ற சொல்லே அவருக்குப் போதும். "ஐயோ, வேண்டாண்ணா, அடிச்சிடுங்க" என்றார். அவரே ஆயாம்மா வீட்டுக்குப் போய், விசாரணைக்கு வரவேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

தேவையில்லாத பாத்திரத்தை நீக்கினால் கதை நகரும் என்று எத்தனையோ சீட்டில் எழுதியிருக்கிறேன். ஆயாம்மா ஒரு வாய் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். என் நோட்டில் எட்டுப் பக்கம்தான் நிறைந்திருந்தது. எட்டாம் பக்கத்தில் சிக்கல் தீர்ந்துவிட்டால் அதைக் கதை என்று யார் சொல்வார்கள்?

மனுவை அழகாக எழுதினேன். பதினான்கு வருட உழைப்பு, மழையில் நனைந்தபடி பிள்ளைகளைத் தூக்கி இறக்கிய கைகள், சட்டைப்பை மிட்டாய், எல்லாம் இருந்தன. சொல்ல வந்ததை நேராகச் சொல்லாதே, வாசகரே உணரட்டும் என்பது என் தொழிலின் பழைய அறிவுரை. அதையும் கடைப்பிடித்தேன். நிர்வாகி அதை இரண்டு முறை படித்தாராம். "ரொம்ப உருக்கமா இருக்கு. ஆனா தூங்கலைன்னு இதுல ஒரு இடத்துலகூட இல்லையேப்பா" என்றாராம். "எல்லாம் அண்ணன் எழுதியிருக்காங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உன் அப்பா வந்துவிட்டார். நான் எழுதியதில் குறையிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வேலை போயிற்று. உன் பள்ளியும் போயிற்று. நீ உன் புத்தகப் பையின் மேலிருந்த பள்ளிப் பெயரைக் கத்திரிக்கோலால் பிரித்தெடுத்ததும் என் நோட்டில் இருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவதை நான் இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. ஒரு மாதம் கழித்து, அதே கடைசிப் படியில் உட்கார்ந்து உன் அப்பா கேட்டார்: "அண்ணா, ஒருவேளை நான் நிஜமாவே தூங்கிட்டேனோ? யோசிக்க யோசிக்க, பின்னாடி அந்தப் பால் வண்டி ஹாரன் அடிச்சது காதுல கேட்ட மாதிரியே இருக்கு."

ஒரு சொல்லில் அவரை மீட்டிருக்கலாம். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. "மனுஷன்தானே தம்பி, யாருக்குத் தெரியும்" என்றேன்.

அதன் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பக்கத்துத் தெரு சரக்கு வண்டிக்காரர் வீடு தேடி வந்து கூப்பிட்டும் போகவில்லை. உன்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, புதுப் பள்ளி வரைக்கும் தள்ளிக்கொண்டே நடப்பார். "எல்லாரோட அப்பாவும் ஓட்டுறாங்க, நீ மட்டும் ஏம்ப்பா தள்ளுற?" என்று நீ சிணுங்குவாய். "நடந்தா உடம்புக்கு நல்லதுடா" என்பார். காரணம் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கதை அந்த வருடமே வந்தது. முப்பத்தொரு கடிதங்கள் வந்தன. பிரேக்கை அழுத்தும் காலைப் பற்றி எழுதாதவர் இல்லை. நீ பதினைந்து வயதில் அதைப் படித்துவிட்டு அழுதாய். "எங்கப்பா மாதிரியே இருக்கார் பெரியப்பா" என்றாய். "எல்லா அப்பாவும் அப்படித்தான் கண்ணு" என்றேன்.

சின்னச் சின்ன நன்மைகளில் எனக்கு நம்பிக்கை உண்டு. வீட்டுக்காரரிடம் பேசி, உன் அப்பாவுக்குக் காவல் வேலையும் படிக்கட்டின் பின்னால் இருந்த அறையையும் வாங்கிக்கொடுத்தேன். தினமும் சாயங்காலம் உனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். உன் அம்மா இறந்தபோது ஒரு வாரம் உங்களுக்குச் சமைத்துப் போட்டேன். அவை பொய்யான நன்மைகள் அல்ல என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் கிணற்றில் தள்ளிவிட்டு, தினமும் எட்டிப் பார்த்து நலம் விசாரித்தவனின் நன்மைகள் அவை.

உன் அப்பா அவற்றைக் கடனாக எடுத்துக்கொண்டார். வாயால் நன்றி சொல்ல அவருக்குத் தெரியாது. நான் எழுந்து வருவதற்குள் என் ஸ்கூட்டர் துடைக்கப்பட்டிருக்கும். இருக்கை, விளக்கு, பக்கத்துக் கண்ணாடி எல்லாம். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் துடைப்பதை நான் பார்க்கவில்லை. யார் துடைக்கிறார்கள் என்று கேட்டதுமில்லை. துடைத்து வைத்த இருக்கையில் உட்கார்ந்து வேலைக்குப் போய், பிறர் கதைகளில் இருக்கும் பிழைகளைத் திருத்தினேன்.

உன் கடிதம் வந்த மூன்றாம் வாரம், வியாழக்கிழமை மதியம் கீழே போனேன். சாப்பிட்ட பின் அவர் நாற்காலியில் சாய்ந்து அரைமணி நேரம் கண்ணயர்வார். அந்த நேரத்தைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன். கடைசிப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், பால் வண்டி, ஆயாம்மா, மனு, படியில் நான் சொன்ன அந்த ஒரு பதில். குரல் நடுங்கவில்லை. அவர் கண்கள் மூடியிருந்தன, மூச்சு சீராக இருந்தது. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. கடன் தீர்ந்தது என்று கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே போனேன்.

மறுநாள் காலை ஸ்கூட்டர் இருக்கையில் தூசி படிந்திருந்தது. கண்ணாடியில் காக்கை எச்சம் காய்ந்திருந்தது.

உன் அப்பா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மோட்டார் போட்டாச்சு. தண்ணி ஏறுது சார்" என்றார்.

அத்தனை வருடத்தில் அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

மேலே போய்ப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பழைய கடிதத்தை எழுதியவன் நான் என்று சொல்லி, என் பெயரும் முகவரியும் போட்டுக் கையெழுத்திட்டேன். கடிகாரக் கடை முனையில் இருக்கும் அதே பெட்டிக்கு நடந்தே போனேன். கடை இன்னும் திறக்கவில்லை. தெருவில் யாரும் இல்லை. உள்ளே போட்டுவிட்டு வந்தேன். அதன் நகல் இதோடு இருக்கிறது. உன் அப்பா உன்னிடம் எதுவும் சொல்லமாட்டார், அதனால்தான் அனுப்புகிறேன்.

இந்த முறை பால் வண்டி இல்லை. நுணுக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அந்த மனுவில் நான் எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம் மட்டும் இருக்கிறது.

அவர் தூங்கவில்லை.